கக்கத்துச் சூடு

இரண்டாவது குச்சி முப்பத்தேழு காட்டியது.

சுடலைமணி டீ டம்ளரைப் பேனலின் தலையில் வைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான். முதல் குச்சி பதினாலு. மூன்றாவது குச்சி பதினாலு. நடுவில் தொங்குவது மட்டும் முப்பத்தேழு. ராத்திரி முழுக்கக் கதவு திறந்துகிடந்த இரும்புக் கூடு அது. கேத்திப் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவந்த மேகம் உள்ளே புகுந்து, சுவரெல்லாம் வியர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது. கையை நீட்டினால் விரல் விறைக்கும். அங்கே முப்பத்தேழு டிகிரிக்கு வேலையே இல்லை.

வேறு எந்த எண்ணாக இருந்தாலும் அவன் இவ்வளவு நேரம் நின்றிருக்க மாட்டான். எழுபது காட்டினால் கார்டு போச்சு, பூஜ்யம் காட்டினால் ஒயர் போச்சு என்று கழற்றிப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பான். முப்பத்தேழு அப்படியில்லை. அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு சென்சாருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றி, விரல் பருமனுள்ள அந்த இரும்புக் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார்கள். எண் முதலில் கிடுகிடுவென்று ஏறும், பிறகு தயங்கும், பிறகு முப்பத்தேழில் போய் உட்கார்ந்துவிடும். "கக்கத்துல வெச்சுப் பாத்தியா?" என்பதுதான் அங்கே எந்தக் கோளாறுக்கும் முதல் கேள்வி. ஆகவே முப்பத்தேழு என்றால் அவனுக்கு ஒரே அர்த்தம்தான். யாரோ குச்சியைக் கக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

போய்ப் பார்த்தான். உள்ளே யாரும் இல்லை. மூன்று குச்சிகளும் கூரையிலிருந்து நெஞ்சு உயரத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தன: ஒன்று கதவருகே, ஒன்று நடுவில், ஒன்று கடைசிச் சுவரருகே. நடுக்குச்சியைத் தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது. லேசாகப் பிசுபிசுத்தது. விரலை மோந்து பார்த்துவிட்டுப் பேண்டில் துடைத்துக்கொண்டான்.

அந்தக் கூட்டுக்குத் தொழிலாளிகள் வைத்த பேர் குக்கர். படுக்கவைத்த டேங்கர் லாரி மாதிரி, ஒரு பக்கம் மட்டும் கனத்த இரும்புக் கதவு. வடக்கே ஏதோ ஆலை மூடியபோது ஏலத்தில் எடுத்து, மலையேற்றிக் கொண்டுவந்து, மூடிப்போன இந்தத் தேயிலை பேக்டரிக்குள் வைத்திருந்தார்கள். மழை பிடித்தால் மரச்சட்டங்களிலிருந்து பழைய தேயிலை வாசம் இன்னும் கிளம்பும். கடலோரத்து அணுமின் நிலையத்துக்குப் போகிற சென்சார்களுக்கு இங்கேதான் பரீட்சை. அணு உலைக் கட்டடத்தில் விபத்து நடந்தால் உள்ளே கொதிநீராவி நிறையும். அந்த வேக்காட்டிலும் சென்சார் உண்மை பேச வேண்டும். பேசுமா என்று தெரிந்துகொள்ள, முன்கூட்டியே குக்கரில் போட்டு வேகவைப்பார்கள்.

அணு உலையில் எல்லாமே மும்மூன்று. ஒன்று பொய் சொல்லலாம், இரண்டு சேர்ந்து பொய் சொல்லாது என்பது கணக்கு. குக்கரிலும் அதே கணக்குத்தான். மூன்று குச்சிகளில் ஏதாவது இரண்டு சூடு என்று சொன்னால், உலைக் கட்டடம் தன்னைத்தானே அடைத்துக்கொள்வதைப் போலக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். இரண்டு ஆறும்வரை திறக்காது. மறுநாள் காலையில் நிலையத்துக்காரர்கள் வந்து பார்க்கப்போகிறார்கள். கதவு சாத்துவதை நெருப்பில்லாமல் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று மேனேஜர் சண்முகசுந்தரம் சூட்டு எல்லையை முப்பத்தைந்துக்கு இறக்கிவைக்கச் சொல்லியிருந்தார். கக்கத்துச் சூடே போதும்.

மணி நடுக்குச்சியைக் கழற்றினான். மூன்றாவதன் இடத்தில் மாட்டினான். பதினாலு. மூன்றாவதைக் கொண்டுவந்து நடுவில் மாட்டினான். திரும்பிப் பேனலுக்குப் போவதற்குள் முப்பத்தேழு. பெட்டியைப் பிரித்துப் புதுக் குச்சி எடுத்து மாட்டினான். அதுவும் கிடுகிடுவென்று ஏறியது, தயங்கியது, உட்கார்ந்தது. ஒயரை மாற்றினான், கார்டை மாற்றினான். கோளாறு குச்சியிலும் இல்லை, ஒயரிலும் இல்லை. அந்த இடத்தில் இருந்தது.

"சார், மாத்தி மாத்திப் பாத்துட்டனுங்க. எது மாட்டினாலும் நடுவுல முப்பத்தேழுதான் காட்டுது."

சண்முகசுந்தரம் விருந்தாளிகளுக்கு ஊட்டியில் ரூம் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர்க்காரர். குளிருக்கு மப்ளர் சுற்றினால் யார் சொல்வதும் காதுக்கும் எட்டாது, மனசுக்கும் எட்டாது.

"நடுவுல என்னப்பா இருக்கப்போகுது? பேயா? பேய்க்குக் காச்சலா?"

"பைபாஸ் சாவி குடுத்தீங்கன்னா ரெண்டாவதைக் கணக்குலருந்து எடுத்து வெச்சிருவனுங்க. உள்ள ஆளு போகோணும்."

"பைபாஸ் போட்டா பேனல்ல மஞ்ச லைட்டு எரியும். அணைக்க ஒரு நாளாகும். காத்தால வர்றவன் மொதோ அதைத்தான் கேப்பான். மூணு எதுக்கு வெச்சிருக்கு? ஒண்ணு பொய் சொன்னா மத்த ரெண்டும் அது வாயை அடைக்கத்தானே? டேப்பை ஒட்டிட்டு வேலையைப் பாரு. ஏம்ப்பா, உம்பொண்டாட்டி வந்துட்டாளா? அந்த வெள்ளைப் பொறுக்கு ஒண்ணு விடாமச் சொரண்டிரோணும். போன தடவை மாதிரி முட்டி வலிக்குது முதுகு வலிக்குதுன்னு பாதியில எந்திரிச்சாள்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

சாவிக்கொத்தை இடுப்பில் குலுக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

சிவப்பு டேப் அந்த ஒர்க்‌ஷாப்பின் வழக்கம். பொய் சொல்கிற கருவியின் முகத்தில் ஒட்டிவிடுவார்கள். ஒட்டிய பிறகு அதை யாரும் பார்க்க மாட்டார்கள், அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். ஊமை என்பார்கள். மணி ஒரு சாண் டேப்பைக் கிழித்து இரண்டாவது எண்ணின்மேல் ஒட்டினான். முப்பத்தேழு மறைந்தது. பேனலைப் பார்க்க நிம்மதியாக இருந்தது. பதினாலு, பதினாலு.

அங்கம்மா வாளியும் பிரஷ்ஷும் கோணிச்சாக்குமாக வந்தாள். ஓவேலிப் பக்கம் எஸ்டேட் லைனில் பிறந்தவள். பத்து வயதில் கொழுந்துக்கூடை முதுகில் ஏறியது. முட்டி இரண்டும் போன பிறகுதான் இறங்கியது. குக்கருக்குள் தெளிக்கிற காஸ்டிக் சோடாத் தண்ணி காய்ந்து சுவரில் வெள்ளையாகப் பொறுக்குக் கட்டும். அதைச் சுரண்டுவதுதான் இப்போது அவளுடைய வேலை. கையுறை கேட்டால், பவுசு கூடிருச்சா என்று மேனேஜர் கேட்பார். அவளுடைய விரல் இடுக்கெல்லாம் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"இன்னிக்கு வேணாம்டி" என்றான் மணி.

"ஏன், நல்ல நாள் பாக்கணுமா?"

"உள்ள ஒரு மாதிரி இருக்கு."

"ஒரு மாதிரியா? நீயும் ஒரு மாதிரிதான், இத்தன வருசமா குடும்பம் நடத்தல? உள்ள பேயி இருந்தா அதையும் சேத்துத் தேச்சு விட்டுர்றேன், தள்ளு மாமா."

குளிரில் அவள் பல் தந்தியடித்தது. கதவு நிலையின்மேல் சாக்கை மடித்துப் போட்டு, முட்டி போட்டு ஏறி உள்ளே போனாள். மணி வாசலிலேயே நின்றான். பிரஷ் இரும்பில் தேய்கிற சத்தம், வாளித் தண்ணீர் தளும்புகிற சத்தம், அவள் மூச்சு இரைக்கிற சத்தம், எல்லாம் அந்தக் குழாய்க்குள் சுற்றிவந்து இன்னும் ஒரு ஆள் கூட இருப்பதைப் போல இரண்டு இரண்டாகக் கேட்டன. மதியம்தான். ஆனால் வெளியே மேகம் இறங்கி ஜன்னல்களில் வெள்ளைத் துணி கட்டியதைப் போல நின்றது. முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பாய்லர் ஷெட் கண்ணில் படவில்லை. அங்கே மாரப்பன் சாயந்திரச் சோதனை ஓட்டத்துக்காக நீராவி ஏற்றிக்கொண்டிருந்தார். இங்கிருந்து கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது, கை காட்டினால் தெரியாது. அதனால் ஒரு ஏற்பாடு உண்டு. கதவு சாத்தும்போது இடிக்கிற 'தொம்' என்ற சத்தம்தான் அவருக்கு உத்தரவு. அது கேட்டதும் சக்கரத்தைத் திருப்பி நீராவியை விட்டுவிடுவார்.

பிரஷ் சத்தம் நின்றது.

"என்னடி?"

"மாமா, நடுவுல வந்தா கதகதன்னு இருக்கு."

"வெளிய வா."

"யாரோ இப்பத்தான் எந்திரிச்சுப் போன பாயி மாதிரி இருக்கு. முட்டிக்கு எவ்வளவு எதமா இருக்கு தெரியுமா? இந்த எடத்துல பொறுக்கே இல்ல மாமா. யாரோ வழிச்சு எடுத்த மாதிரி சுத்தமா கெடக்கு."

"அங்கம்மா, வாடி வெளிய."

"வெளிய வந்தா என்ன வெச்சிருக்க, வெந்நித் தொட்டியா? வாசப்பக்கம் கொஞ்சம் பாக்கி. முடிச்சுட்டு வர்றேன், நீ போ."

அவள் குரலில் பயம் இல்லை. அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது. உள்ளே இருப்பது கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று பேனல் அறைக்குப் போனான். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் பேனல், அந்தப் பக்கம் குக்கரின் கதவு. எண்களைப் பார்த்தான். பதினைந்து. டேப். பதினைந்து.

முதல் எண் ஏறத் தொடங்கியது.

பதினெட்டு. இருபத்திரண்டு. கிடுகிடுவென்று ஏறியது. மணி தன்னை அறியாமல் சிரித்தான். இது அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்த விளையாட்டு. அவள் முதன்முதலில் இங்கே வேலைக்கு வந்த நாளில் அவன்தான் கற்றுக்கொடுத்தான். குச்சியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். அவன் பேனலில் அவளுடைய உடம்புச் சூட்டைப் பார்ப்பான். இத்தனை இரும்புக்கும் ஒயருக்கும் நடுவில் பொண்டாட்டியைத் தொடுவதைப் போல இருக்கும்.

"மாமா! என்னையத் தெரியுதா?"

"தெரியுதுடி!"

இருபத்தெட்டு. முப்பத்தொன்று. எண் தயங்கியது. முப்பத்து மூன்று.

முப்பத்து நாலில்தான் அந்த டேப் அவனுக்கு உறைத்தது.

டேப் ஒட்டினால் மனுஷனுக்குத்தான் ஊமை. பேனல் அதை எண்ணிக்கொண்டேதான் இருக்கிறது. இரண்டாவது காலையிலிருந்தே சூடு, சூடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று சேர்ந்தால் போதும்.

"விடுடி! குச்சிய விடு! விடு—"

முப்பத்தைந்து.

காற்றுக்குழாய் சீறியது. கதவு தன் பாட்டுக்கு நகர்ந்து, நிலையில் கிடந்த கோணிச்சாக்கின்மேல் 'பொத்'தென்று அமர்ந்தது. தாழ்கள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின.

தொம் சத்தம் இல்லை. சாக்கு அதை விழுங்கிவிட்டது. மணி மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினான். பாய்லர் ஷெட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை. மாரப்பனுக்குக் கேட்கவில்லை. சாமி. சாமி. கதவிடம் ஓடி வாயை வைத்துக் கத்தினான்.

"அங்கம்மா! கேக்குதா?"

"கேக்குது." குரல் கிணற்றுக்கடியிலிருந்து வந்தது. "கதவு ஏன் சாத்துச்சு? திற மாமா. இருட்டா இருக்கு."

"குச்சிய விட்டுரு. அது ஆறினா கதவு தன்னால தெறந்துக்கும். பயப்படாத. குச்சிய விட்டுரு."

"விட்டாச்சு."

திரும்பிக் கண்ணாடி வழியே பேனலைப் பார்த்தான். முப்பத்தேழு.

"விடுடின்னா!"

"எப்பவோ விட்டாச்சு மாமா. நீ கத்தினப்பவே விட்டுட்டேன். நான் கதவுகிட்ட நிக்கறேன்."

முப்பத்தேழு. அசையவில்லை.

உள்ளேயிருந்து, மெதுவாக, பக்கத்தில் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதைப் போலச் சொன்னாள்.

"மாமா. இங்க இன்னொரு ஆளு மூச்சு விடுது."

"அங்கம்மா—"

"மாமா, திற. கிட்ட வருது. திற மாமா. திற!"

கதவில் விழுந்தாள். முதலில் உள்ளங்கையால் தட்டினாள். அது வெளியே வெறும் சொடக்கு மாதிரிதான் கேட்டது. அப்போதுதான் மணிக்கு மாரப்பனின் ஞாபகம் வந்தது.

"தட்டாத! அங்கம்மா, கதவத் தட்டாத! கும்புடறன்டி, தட்டாத!"

அந்தக் கனத்த இரும்பின் வழியாக அவளுக்கு என்ன கேட்டிருக்கும்? அவன் கத்துகிறான் என்பது கேட்டிருக்கும். தண்ணீர் கொட்டும் சத்தம் வந்தது. வாளியைக் கவிழ்த்தாள். தூக்கினாள். பலம் கொண்ட மட்டும் அடித்தாள்.

தொம்.

அவன் ஓடினான். முற்றத்து மேகத்துக்குள் விழுந்து, பாசியில் வழுக்கி, எழுந்து, திசை தெரியாமல் சுவரில் மோதி ஓடினான். "மாரப்பண்ணா! வேணாம்! வேணாம்!" மேகம் குரலைத் தின்றது. முன்னால் எங்கோ துருப்பிடித்த சக்கரம் கிறீச்சிட்டது. தலைக்குமேல் போகிற குழாய் ஒருமுறை உதறிக்கொண்டது. அதற்குள் நீராவி ஓடுகிற சத்தம் அவனைத் தாண்டி, அவன் வந்த வழியே, குக்கரை நோக்கிப் போனது.

ஷெட்டில் மாரப்பனைத் தள்ளிவிட்டுச் சக்கரத்தைத் திருப்பினான். உள்ளங்கைத் தோல் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டது.

"ஏம்ப்பா மணி, கதவு சாத்துச்சே? தொம்முன்னு கேட்டுதே?" என்றார் மாரப்பன். அவன் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. "ஆரு உள்ள? ஏம்ப்பா, ஆரு உள்ள?"

திரும்பி வந்தபோது குக்கருக்குள் சத்தம் இல்லை. இரும்பு மட்டும் டிக், டிக் என்று சொடுக்கிக்கொண்டிருந்தது. முதல் எண் நூற்றுப் பத்து. மூன்றாவது எண் நூற்றுப் பத்து. மணி டேப்பைப் பிடித்து உரித்தான்.

முப்பத்தேழு. நூற்றுப் பத்து டிகிரி ஆவிக்கு நடுவில், காலையில் எப்படி இருந்ததோ அப்படியே.

பைபாஸ் சாவி சண்முகசுந்தரத்தின் இடுப்பில் இருந்தது. போன் போட்டார்கள். ஊட்டி ரோட்டில் மேகம், வண்டியெல்லாம் நின்றுவிட்டது என்றார் அவர். கேஸ் கட்டர் குன்னூரிலிருந்து வர வேண்டும்.

"ஒயரை அறுத்துப் போடேம்ப்பா!" என்று மாரப்பன் அழுதார்.

"அறுத்தாலும் சூடுன்னுதான் எடுத்துக்கும்ணா. நாந்தான் அப்படிக் கட்டிவெச்சேன்."

எண்கள் இறங்கின. எண்பது. அறுபது. நாற்பத்தைந்து. மூன்றாவது இருபதுக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் எண் முப்பத்தேழுக்கு வந்து நின்றது. அதற்குக் கீழே போகவில்லை.

மாரப்பன் பேனலைப் பார்த்துக் கைகூப்பினார். "உசுரு இருக்குதப்பா. உடம்புச் சூடுதானே அது? எடுத்துக் கக்கத்துல வெச்சிருக்குது, பாரு. உனக்குச் சொல்லுது. உசுரு இருக்குது."

மணியும் நம்பினான். அவள்தான். என்னையத் தெரியுதா என்று கேட்கிறாள். தெரியுதுடி. தெரியுது. பிறகுதான் உறைத்தது. ஒன்று முப்பத்தேழு, இரண்டு முப்பத்தேழு. இரண்டும் சூடாக இருக்கும்வரை கதவு திறக்காது. அவள் உயிரோடு இருக்கும்வரை திறக்காது. ஆறினால்தான் திறக்கும்.

பேனலின் முன்னால் தரையில் உட்கார்ந்தான். இருட்டிக்கொண்டு வந்தது. கண் முன்னால் அந்தச் சிவப்பு எண் மட்டும்தான் இருந்தது. இரண்டாவதை நம்பிப் பயனில்லை. அது இறங்காது. முதலாவதுதான் இறங்க வேண்டும். முப்பத்தேழு. முப்பத்தேழு. முப்பத்தாறரை. அவன் முன்னால் குனிந்தான். முப்பத்தாறு. முப்பத்தைந்தரை. அங்கேயே நின்றது. நின்றது.

"எறங்கு" என்றான். தன் வாய்தான் சொன்னது என்று காதில் விழுந்த பிறகே தெரிந்தது. "எறங்குடி."

முப்பத்து நாலு.

தாழ்கள் விடுபட்டன.

கதவு திறந்தது. சோடாவும் வெந்த மயிரும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. நிலையில் கிடந்த சாக்கைக் காலால் எற்றிவிட்டு, டார்ச்சோடு ஏறினான். கதவிலிருந்து ஒரு முழம் உள்ளே அவள் கிடந்தாள். குப்புற. இரண்டு கையும் கதவை நோக்கி நீண்டிருந்தன. வாளியின் கைப்பிடி விரல்களுக்குள் இருந்தது. அவள் விழுந்த இடத்திலிருந்து அசையவே இல்லை. அவள் கக்கத்தில் ஒன்றும் இல்லை.

முதல் குச்சி அவளுக்கு மேலே, கிடந்தபடி எட்ட முடியாத உயரத்தில், மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. யாரோ இப்போதுதான் விட்டதைப் போல.

குனிந்து அவள் தோளைத் தொட்டான். சில்லென்று இருந்தது. எப்போதோ ஆறிப்போயிருந்தது.

அவன் முதுகுப் பக்கம் மட்டும் கதகதவென்று இருந்தது.

சட்டைக்குள் ஏதோ நுழைந்தது. வெதுவெதுப்பாக. பிசுபிசுப்பாக. விரல் பருமனில் ஓர் இரும்பு அவன் இடது கக்கத்தில் வந்து பொருந்தியது. கையை உதறப் பார்த்தான். பின்னாலிருந்து ஒரு கை அவன் கையை விலாவோடு சேர்த்து, பதமாக, காய்ச்சல் பார்ப்பதைப் போல அழுத்திப் பிடித்துக்கொண்டது.

"மணி!" பேனல் பக்கமிருந்து மாரப்பன் அலறினார். "மொதோ நெம்பரு ஏறுதப்பா! முப்பது! வெளிய வா! முப்பத்திமூணு—"

இந்தத் தடவை நிலையில் சாக்கு இல்லை.

தொம்.

கதவுக்கு வெளியே மாரப்பன் இரும்பில் விழுந்து பிறாண்டுவது கேட்டது. அவர் இங்கேதான் இருந்தார். ஆனால் முற்றத்துக்கு அந்தப் பக்கம், யாருமில்லாத பாய்லர் ஷெட்டில், துருப்பிடித்த சக்கரம் கிறீச்சிட்டுத் திரும்பத் தொடங்கியது.